யாரும் அனுப்பாத வெளிச்சம்

ஔலு நகரில் நவம்பர் முடியும்போது
மூன்று மணிக்கெல்லாம் பொழுது அடங்கிவிடும்.
எங்களுக்கு அந்த இருட்டும் போதாது.
கதவிடுக்கில் கறுப்புத் துணியைத் திணிக்கிறாள் ஹில்க்கா.
நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி
வெளியே கோட்டுப் பையில் போட்டுவிட்டு வருகிறேன்.
அதன் முள்ளில் பச்சையாய் ஒரு பொட்டு மினுங்கும்;
தேரையின் கண்ணுக்கு அது தீப்பந்தம்.

விழித்திரையின் ஒரு கிள்ளல், உப்புநீரில்.
அதிலிருந்து ஒரே ஒரு கோலணு
கண்ணாடிக் குழாயின் வாயில் பாதி உள்ளே, பாதி வெளியே,
உறிஞ்சுகுழலில் மாட்டிய பழத்துண்டு போல.

இருட்டில் அது சும்மா இருக்கும் என்றுதான்
வேலைக்குச் சேர்ந்த வாரம் நானும் நினைத்தேன்.
இல்லை.
இருட்டில்தான் அதற்கு ஓயாத பேச்சு.
கதவுகள் திறந்து கிடக்க
சோடியம் வந்தபடி இருக்கிறது உள்ளே.
கதவுகளைச் சாத்தவிடாமல் பிடித்திருப்பது
ஒரு பொடி மூலக்கூறு: சைக்ளிக் ஜிஎம்பி.
வாயிற்காரன் என்பாள் ஹில்க்கா.
நான் அதை ஆப்பு என்பேன்,
சாமான் இறக்கும்போது கதவடியில் செருகுவோமே, அது.

வெளிச்சம் வந்தால்?
ஒரு துகள் போதும்.
ரோடாப்சினுக்குள் மடங்கி உட்கார்ந்திருக்கும் வால் ஒன்று
நிமிர்ந்துகொள்கிறது.
ஒளியின் வேலை அத்தோடு முடிந்தது.
மீதியெல்லாம் வாய்வழிச் செய்தி:
நிமிர்ந்தது போகிற வழியில்
டிரான்ஸ்டியூசின்களைத் தட்டித் தட்டி எழுப்ப,
எழுந்தவை கத்தரிக்கோல்களின் உறையைக் கழற்ற,
கத்தரிக்கோல்கள் ஆப்புகளை நறுக்கித் தள்ள,
ஆயிரமாய்,
கண் இமைக்கவில்லை இன்னும்,
கதவுகள் சாத்திக்கொள்கின்றன.
பேச்சு தாழ்கிறது.
அடுத்த செல் காது கொடுப்பது அந்தத் தாழ்வுக்குத்தான்.

ராய்மோ கெமியிலிருந்து தினமும் அழைத்த காலத்தில்
அவன் சொன்ன எதுவும் நினைவில் இல்லை.
அழைக்காத முதல் நாள் மட்டும் கிழமையோடு தெரியும்.

இரவு ஒன்று இருபது இருக்கும்.
ஷட்டர் மூடியிருக்கிறது.
பழைய பதிவுக்கருவியில் பேனா
தாளைக் கீறும் ஒலி திடீரென்று மாறுகிறது.
மேலே ஏறுகிறது, தயங்குகிறது, இறங்குகிறது.
"எதையாவது தொட்டாயா?"
"இல்லை."
"கதவு?"
"துணி அப்படியே இருக்கிறது, தடவிப் பார்த்துவிட்டேன்."
ஹில்க்கா சிரிக்கிறாள்.
இருட்டில் அவள் சிரிப்பு மூக்கு வழியாகத்தான் தெரியும்.
"வெப்பம்," என்கிறாள், "வெறும் அறைச் சூடு."

ஒரு ரோடாப்சின் தானாக நிமிர
ஆயிரம் ஆண்டுகூடப் பிடிக்குமாம்.
ஆனால் இந்த ஒற்றைக் கோலணுவில் அவை
இருநூறு கோடிக்கு மேல்.
நிமிடத்துக்கு ஒன்றாவது பொறுமை இழக்காமல் இருக்குமா?
இழந்தது ஒளியாலா சூட்டாலா என்று
தூதர்கள் யாரும் கேட்பதில்லை.
அதே தட்டல், அதே கத்தரிப்பு, அதே மௌனம்.
தாளில் அதே மேடு.

என் கைபேசி வெளியே டிராயரில் பூட்டிக் கிடக்கிறது.
இருந்தாலும் சற்று முன்
என் தொடையில் அது அதிர்ந்தது.
ஹில்க்காவிடம் சொல்லவில்லை.

பேனா அடிக்கோட்டுக்குத் திரும்பிவிட்டது.
உள்ளே கால்சியம் குறைந்திருக்கும்;
குறைந்ததைப் பார்த்துப் புது ஆப்புகள் செய்கிறார்கள்;
கதவு கதவாகத் திறந்து
பழையபடி பேச்சு.
"குறித்துக்கொள்," என்கிறாள்.
குறிப்பேட்டின் ஓரத்தை விரலால் தேடி
எழுதினேன்: ஒன்று இருபது. ஒளி இல்லை.

காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால்
அந்த வரி
மேல் வரியின் தலையிலேயே ஏறி நிற்கிறது.
'ஒளி' வரைக்கும் படிக்க முடிகிறது.